பெயர் எங்கட, வடிவம் யாருடையது?

ஒரு இரவு விடுதி அறையில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி இருந்து யூடியூப்பில் பழைய பந்தய வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கிண்ணப் பாய்மரப் போட்டி. 22 மீற்றர் நீளமான இரட்டைப் படகு ஒன்று தண்ணீரை விட்டு மேலே எழும்பி, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் போகுது. வர்ணனையில் "கட்டமரான்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. நண்பன் ஒருத்தன் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டான். "மச்சான், அது எங்கட கட்டுமரமடா! தமிழன்தான் கண்டுபிடிச்சவன்!"

எனக்கும் புல்லரித்தது. பொய் சொல்லக்கூடாது. அப்படி எழுதப்பட்ட பேஸ்புக் பதிவு ஒன்றை நானே ஒருமுறை பகிர்ந்தும் இருக்கிறேன். ஆனால் நான் வரலாறு படிக்கிற ஆள். அடுத்த நாள் ஒரு கேள்வி மண்டைக்குள் நின்றுகொண்டது. எங்கட கட்டுமரத்துக்கு இரண்டு உடல் இல்லையே. அது மரங்களைச் சேர்த்துக் கட்டின ஒரு மிதவை. அப்படியென்றால் இந்தப் பந்தயப் படகின் வடிவம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப்போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சங்கடமான விடயம், ஆனால் நாங்கள் தெரிந்திருக்க வேண்டியது.

சொல் போன வழி

சொல் எங்களுடையது, அதில் சந்தேகமே இல்லை. சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். வில்லியம் டம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றிச் சொல்கிறார். இலேசான மரக்கட்டைகளால் ஆனது, சின்னது என்றால் ஒருவர்தான் போகலாம், அவருடைய கால்கள் எப்பவும் தண்ணிக்குள்ளேயே இருக்கும் என்கிறார். அதில் இரட்டை உடல் பற்றி ஒன்றும் இல்லை. அவர் பார்த்தது எங்கட அப்பப்பாமார் பார்த்த அதே கட்டுமரம்தான்.

அதுக்குப் பிறகு அந்தச் சொல் ஆங்கிலத்தில் போகாத இடமெல்லாம் போனது. 1804இல் நெப்போலியனின் கப்பல்களைத் தாக்குவதற்காக பிரித்தானியக் கடற்படை மிதக்கவிட்ட வெடிபொருள் பெட்டிகளுக்கும் "கட்டமரான்" என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டுவதற்கும் இதே சொல்லைப் பாவித்தார்கள். கடைசியில்தான் அது இரட்டை உடல் படகில் போய் ஒட்டிக்கொண்டது. சொல் பயணம் செய்தது என்பதற்காகப் பொருளும் கூடவே போனது என்று ஆகாது. தமிழ்ச் சொல்லைக் கொண்டுபோனவர்கள் அதை வேறு யாரோ செய்த பொருளுக்கு மேல் ஒட்டிவிட்டார்கள்.

ஒடுங்கின உடல் ஏன்?

வடிவம் யாருடையது என்று கேட்பதற்கு முதல், அந்த வடிவத்தில் அப்படி என்ன இருக்கு என்று பார்ப்போம். நான் கலைப்பீடம், கணக்கு எனக்கும் பயம். அதனால் எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன்.

படகு ஓடும்போது முன்னுக்கு ஒரு அலை எழும்பும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அப்போது படகு தான் எழுப்பின அலைக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். அதுக்கு மேல் வேகமாகப் போவதென்றால் தன் அலையின் மேல் தானே ஏறுகிற மாதிரி. ஆறு மீற்றர் நீளமான சாதாரண படகுக்கு இந்த எல்லை மணிக்கு 11 கிலோமீற்றர் அளவில் வந்துவிடும். வில்லியம் புரூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1872இல் டோர்க்கீ நகரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்து இதையெல்லாம் அளந்தார்.

உடல் மிக ஒடுங்கலாக இருந்தால் அது எழுப்புகிற அலை சின்னது. அந்தப் பொறி பெரிதாக வேலை செய்யாது. சாதாரண பாய்ப் படகின் நீளம் அதன் அகலத்தைப்போல் மூன்று நாலு மடங்குதான். பந்தயக் கட்டமரானின் ஒரு உடல் அகலத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் நீளம். ஆனால் அவ்வளவு ஒடுங்கின உடல் தனியே நிற்காது, பாயை ஏற்றின உடனே கவிழும். அதனால் இன்னொன்றைத் தூரத்தில் வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். இரட்டை உடல் என்பதே ஒடுங்கின உடல் கவிழாமல் நிற்பதற்குக் கண்ட வழிதான்.

இது பாரம் குறைந்த படகில்தான் சரிவரும். பாரம் கூடினால் உடல் தண்ணிக்குள் இறங்கும், இறங்கினால் அதைத் தாங்க உடலைப் பருப்பிக்க வேண்டும், பருத்தால் ஒடுக்கம் போய்விடும். ஏ கிளாஸ் என்ற ஒற்றையாள் பந்தயக் கட்டமரான் 5.49 மீற்றர் நீளம், ஆனால் அதன் ஆகக் குறைந்த எடை 75 கிலோதான். நடுத்தர உடம்புள்ள ஒரு ஆளின் பாரம்.

இனி வடிவமைப்பாளரின் தலையிடிகள். உடலின் குறுக்குவெட்டு அரைவட்டமாக இருந்தால் தண்ணீர் தொடுகிற பரப்பு குறையும், உராய்வும் குறையும். ஆனால் அரைவட்டம் பக்கவாட்டில் வழுக்கும், அதுக்குத் தனியாக ஒரு பலகையைத் தண்ணிக்குள் இறக்க வேண்டும். கத்தி மாதிரி ஆழமாகச் செய்தால் வழுக்காது, ஆனால் உராய்வு கூடும். அணியம், அதாவது படகின் முன்பக்கம், மெல்லிதாக இருந்தால் அலையை வெட்டும். ஆனால் பலத்த காற்றில் அதே மெல்லிய அணியம் தண்ணிக்குள் குத்தி, படகு தலைகீழாகப் புரண்டுவிடும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டும். பந்தயக் கட்டமரானின் வரலாறு முழுக்க இந்தப் பேரம்தான்.

ஐரோப்பியர் தொட்டுப் பார்த்தது

பொருளியல் படித்தவர்களுக்கு வில்லியம் பெற்றி என்ற பெயர் தெரிந்திருக்கும். "அரசியல் எண்கணிதம்" எழுதினவர். அதே ஆள் 1662இல் டப்ளினில் இரண்டு உடலை இணைத்துப் படகு கட்டினார். அது வேகமாகத்தான் ஓடியது. ஆனால் பிறகு கட்டின பெரிய கப்பல், "எக்ஸ்பெரிமென்ட்" என்று பெயர், 1665இல் புயலில் ஆட்களோடு போய்விட்டது. 

இருநூறு வருடம் கழித்து 1876 ஜூனில், நியூயோர்க்கில் நூற்றாண்டு விழாப் படகுப் போட்டிக்கு நதானியல் ஹெரஷொவ் என்ற 28 வயது இளைஞர் "அமரில்லிஸ்" என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்தார். இரண்டு உடலும் அலைக்கு ஏற்றபடி தனித்தனியாக அசையக்கூடிய மாதிரி மூட்டுகள் வைத்திருந்தார். போட்டியில் மற்றவர்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார். தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? முறைப்பாடு வைத்தார்கள். இப்படியான படகுகள் வழக்கமான போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1877இல் ஹெரஷொவுக்குக் காப்புரிமை கிடைத்தது, ஆனால் ஓடுவதற்குப் போட்டி இல்லை. அவர் ஒற்றை உடல் படகுக்குத் திரும்பி, பிற்காலத்தில் அமெரிக்கா கிண்ணத்தைக் காத்த படகுகளை வரிசையாக வடிவமைத்துப் பெரும் புகழ் பெற்றார்.

இதில் எனக்குப் பிடிபடாத விடயம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இது இவ்வளவு புதினமாக இருந்தபோது, உலகின் இன்னொரு பக்கத்தில் இதே படகில் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சமுத்திரம் கடந்திருக்கிறார்கள்.

பசுபிக்கின் கைவேலை

ஹவாய், தாகித்தி, தொங்கா, சமோவா. பசுபிக் சமுத்திரத்தின் இந்தத் தீவுகளுக்கு மனிதர் போய்ச் சேர்ந்ததே இரட்டை உடல் படகிலும், பக்கத்தில் மிதவைமரம் கட்டின படகிலும்தான். இரும்பு இல்லை, ஆணி இல்லை. கல்லாலும் சிப்பியாலும் செதுக்கி, தென்னந்தும்புக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள்.

வடிவம் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். 1742இல் ஜோர்ஜ் அன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பல் மரியானாத் தீவுகளில் ஒன்றான தினியானில் தங்கியது. அங்கே சமோரோ மக்களின் பாய்ப்படகு ஒன்று அகப்பட்டது. ஆங்கிலேயர் அதை அளந்து படம் கீறினார்கள். 1748இல் வெளிவந்த அன்சனின் பயண நூலில் அந்தப் படம் இருக்கு. நல்ல காற்றில் மணிக்கு இருபது மைல் அளவில் ஓடும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்தப் படகின் உடலில் ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் வளைவு. இது கைதவறி வந்தது இல்லை. வளைந்த பக்கம் காற்று வருகிற திசையைப் பார்த்திருக்கும். தண்ணீர் அந்த வளைவைச் சுற்றி ஓடும்போது, விமான இறக்கையில் நடப்பது போல, படகைக் காற்றின் பக்கம் இழுக்கும். பலகை ஒன்றும் இறக்காமலே படகு வழுக்காது.

அதைச் செய்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஸ்பானிய ஆட்சியின் கீழ் சமோரோ மக்கள் ஊரோடு பெயர்க்கப்பட்டார்கள், அந்தப் படகுக் கலையும் காலப்போக்கில் அழிந்துபோனது. படம் மட்டும் மிச்சம்.

திரும்பி வந்த வடிவம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வூடி பிரவுண் என்ற அமெரிக்கர் பசுபிக்கில் கிறிஸ்மஸ் தீவில் இரட்டை உடல் படகு ஒன்று ஓடுவதைப் பார்த்தார். 1947இல் ஹவாயில் அல்பிரட் குமலாயே, ரூடி சோய் ஆகியோரோடு சேர்ந்து "மனு காய்" என்ற படகைக் கட்டினார். அந்தக் காலத்தின் ஆக வேகமான பாய்ப்படகுகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்து விற்ற ஹோபி ஆல்டர், 1970 அளவில் கொண்டுவந்த ஹோபி 16 என்ற சின்னக் கட்டமரான் உலகம் முழுக்கப் பரவியது. அதன் ஒவ்வொரு உடலிலும் வெளிப்பக்கம் தட்டை, உட்பக்கம் வளைவு. அடிப்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும், கரை அலையைத் தாண்டவும் மணலில் இழுத்து ஏற்றவும் வசதி. இறக்குகிற பலகை இல்லை. 1742இல் தினியானில் கீறின படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

இங்கிலாந்தில் கதை வேறு பாதையில் போனது. கன்வி தீவில் கயாக் செய்து விற்ற ரோலண்ட், பிரான்சிஸ் புரவுட் சகோதரர்கள் இரண்டு கயாக் உடல்களை இணைத்து ஓட்டிப் பார்ப்பதில் தொடங்கினார்கள். 1954இல் அவர்களின் "ஷியர்வாட்டர்" போட்டிகளில் ஒற்றை உடல் படகுகளைத் தோற்கடித்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது வட்டமான அடியும் இறக்கி ஏற்றுகிற பலகையும். 1967இல் ரொட்னி மார்ச் வடிவமைத்த "டோர்னாடோ" அந்த வழியில் வந்தது. நீளம் 6.1 மீற்றர், முழு அகலம் அதில் பாதி. அதன் உடலைச் செய்த முறை எனக்கு மிகப் பிடித்தது. தட்டையான மெல்லிய ஒட்டுப்பலகைகளை வெட்டி, அடிப்பக்கம் ஒன்றாக இணைத்து, பிறகு மேல்விளிம்புகளை வளைத்து நெருக்குவார்கள். பலகை தானாகவே வளைந்து உடலின் வடிவத்துக்கு வரும். பாரமான சட்டங்கள் தேவையில்லை. சாதாரண பட்டறையிலும் செய்யலாம்.

ஹெரஷொவ் விலக்கப்பட்டுச் சரியாக நூறு வருடம் கழித்து, 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் டோர்னாடோ போட்டி வகையாகச் சேர்க்கப்பட்டது. கட்டமரானுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். அதே 1976இல்தான், ஹவாயில் கட்டின "ஹொகுலேயா" என்ற சுமார் 19 மீற்றர் நீளமான மரபுவழி இரட்டை உடல் படகு, திசைகாட்டி, வரைபடம் ஒன்றும் இல்லாமல் தாகித்திக்குப் போய்ச் சேர்ந்தது. வழி காட்டினவர் மவ் பியாய்லுக், மைக்ரோனேசியாவின் சட்டவல் தீவுக்காரர். பசுபிக் மக்கள் காற்று அடித்த பக்கம் தற்செயலாக ஒதுங்கினவர்கள்தான் என்று அதுவரை எழுதினவர்களுக்கு அது பதில். ஒரே ஆண்டில் ஒலிம்பிக் ஒரு படகை ஏற்றுக்கொண்டது, அந்தப் படகின் பழைய சொந்தக்காரர் தங்கட வரலாற்றைக் கடலில் ஓடிக் காட்ட வேண்டியிருந்தது.

பிறகு உடல்கள் இன்னும் மெலிந்தன. அணியம் பின்பக்கமாகச் சாய்ந்தது. அலைக்கு மேல் ஏறாமல் அதை ஊடுருவிப் போவதற்காக. 2013இல் நாங்கள் பார்த்த அந்தப் படகோ தண்ணிக்குள் இறக்கை வைத்து உடலையே வெளியே தூக்கிவிட்டது. அந்த வேகத்துக்கு விலையும் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் பயிற்சியில் ஒரு படகு கவிழ்ந்து ஒலிம்பிக் பதக்கம் வென்ற வீரர் ஒருவர் இறந்தார்.

எங்கட கரைக்குத் திரும்பினால்

இனி சங்கடமான பகுதி. எங்கட தீவில் பந்தயக் கட்டமரானுக்கு ஆகக் கிட்டின சொந்தம் கட்டுமரம் இல்லை. நீர்கொழும்பிலிருந்து தெற்குக் கரை வரை ஓடின ஒருவ என்ற படகுதான். குடைந்த மரத்துக்கு மேல் பலகை தைத்து உயர்த்தின, ஒரு ஆள் நெருங்கி இருக்கிற அளவு ஒடுங்கின உடல். கவிழாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு மிதவைமரம். ஒடுங்கின உடலும் தூரத்துத் தாங்கலும் என்ற அதே சிந்தனை. பசுபிக் மக்களின் மூதாதையர் வழியான தென்கிழக்காசியக் கடலோடிகளின் தொடர்பில் இது இங்கே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதை ஓட்டினவர்களில் பெரும்பாலானோர் இன்று சிங்களம் பேசுகிறவர்கள், நீர்கொழும்புப் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிற மீனவரும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹோர்னல் என்ற ஆய்வாளர் இலங்கைப் படகுகளையும் எழுதினார், பசுபிக் படகுகளைப் பற்றிய பெரிய நூலிலும் பங்கெடுத்தார். ஒரே ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. நாங்கள்தான் ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிக்கிறோம்.

அதுக்காகக் கட்டுமரம் குறைந்ததா? இல்லை. அது வேறு கேள்விக்கு விடை. அம்மப்பா கட்டுமரத்தில் போனவர். "எத்தனை அலை அடிச்சாலும் அதுக்குள்ள தண்ணி நிக்காது பிள்ளை, நிக்க இடமில்லையே" என்றார். உண்மைதான். காற்றை அடைத்து வைத்து மிதக்கிற படகு தண்ணி நிறைந்தால் தாழும். கட்டுமரம் மரத்தின் இலேசிலேயே மிதக்கிறது, தண்ணி மரங்களுக்கு இடையால் ஓடிவிடும். துறைமுகம் இல்லாத, அலை உடைகிற திறந்த கரைக்கு அதைவிடப் பொருத்தமானது கஷ்டம். "நடுமரம் தாழ்வா இருக்கும், பக்க மரம் ரெண்டும் ஏறி நிக்கும். வந்த உடன கட்டை அவிட்டுக் காயப்போடோணும். தண்ணி குடிச்ச மரம் பாரம், ஓடாது." பாரத்தைப் பற்றின அந்தக் கவலை ஏ கிளாஸ் கட்டுகிறவருக்கும் இருக்கிற கவலைதான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் எழுதமாட்டேன்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப எங்களுக்கு ஒண்டும் இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருக்கிற வலி எனக்கும் விளங்கும். எங்கட வரலாற்றை மற்றவர்கள் அழிக்கிறார்கள், மறைக்கிறார்கள் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அதனால்தான் இன்னும் கவனமாக இருக்க வேணும் என்று நினைக்கிறேன். "கட்டமரான் தமிழனின் கண்டுபிடிப்பு" என்று பகிரும்போது பெயர் தெரியாத சமோரோ தச்சரையும், ஹவாய்க்காரரையும், நீர்கொழும்பு மீனவரையும் நாங்கள் அழிக்கிறோம். எங்களுக்கு நடந்தது என்று சொல்லுகிற அதே வேலை.

எங்களுக்கு மிச்சமிருப்பது அந்தச் சொல் மட்டும் இல்லை. அந்தச் சொல் உண்மையாகக் குறித்த பொருள் இருக்கு. அதைப் பற்றி நாங்கள் எழுதிவைத்தது எவ்வளவு? அம்மப்பா ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர் சொன்னார், கட்டுகிற முடிச்சுக்கும் பெயர் சொன்னார். நான் பாதியைத்தான் எழுதிக்கொண்டேன், மீதிக்கு லீவில் திரும்பப் போக வேணும். இப்ப கரை முழுக்கப் பைபர் படகுதான். கடற்கரை ஊர்களில் வீடு இருக்கிறவர்கள், தாத்தாமார் இருக்கிறவர்கள், இந்த லீவுக்குப் போய்க் கேளுங்கோ. எந்த மரம், எத்தனை மரம், எப்படிக் கட்டினது, எந்தக் காற்றுக்கு எப்படிப் பாய் விரிச்சது. படம் கீறி அனுப்பினால் இங்கேயே போடுவோம்.